கதவு சாத்தாத ஊர்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை எடுத்துடறேன். யாருக்கும் எடம் போட்டு வைக்கல, சும்மாதான் வச்சிருந்தேன். ரெக்ஸின் சீட்டு, பாத்து உக்காருங்க, பேன்ட்டோட சேத்துச் சுடும். பஸ்ஸைக் கொண்டாந்து வெயில்ல நிறுத்திட்டு டிரைவர் டீ குடிக்கப் போயிட்டான். அவனுக்கென்ன. கல்லாறு தாண்டி மலை ஏறிட்டாக் காத்து மாறிடும், அதுவரைக்கும் இந்த வேக்காட்டைப் பொறுத்துத்தான் ஆகணும். நான் பொறுத்துக்கிட்டேன். ஒரு கோடை முழுக்க, கரூர்ல. கரூர் தம்பி! பகையாளிக்குக்கூட அந்த ஊர் வேண்டாம்.

நான் குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில சூப்பர்வைசர். சூப்பர்வைசரா இருந்தேன். மெஷின் ஓடற சத்தத்துல நின்னு நின்னு எனக்குக் குரல் கொஞ்சம் பெருசு. பாருங்க, முன்சீட்டம்மா திரும்பிப் பாக்குது. பாத்துட்டுப் போகட்டும். நான் சாதாரணமாப் பேசினாலே அப்படித்தான் கேக்கும். குன்னூர்ல அதை எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஒரே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். ஒரு ஆளாவது வந்து, "ஏன் தம்புசாமி, வீட்டுல என்ன சத்தம்?"னு கேட்டதுண்டா? கிடையாது. எதிர்ல பாத்தாக் கும்பிட்டுட்டுப் போவாங்க. மரியாதை தெரிஞ்ச சனம்.

ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுன்னுட்டாங்க. அதுதான் சட்டம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பையன் வடக்க எங்கயோ வேலையில இருக்கான், பொண்ணு கோமதியைக் கரூர்லதான் குடுத்திருக்கோம். மாப்பிள்ளை பெட்ஷீட் கம்பெனியில இருக்கார். "இங்கயே வந்துடுங்கப்பா, அடுத்த தெருவுலயே வீடு இருக்கு"ன்னா. நானும் சரின்னுட்டேன். அந்த வாயைத்தான் தைச்சிருக்கணும்.

வெயில்னா எப்படின்னு நினைக்கறீங்க? மத்தியானம் குழாயைத் தொறந்தா, ஷேவிங்குக்குத் தண்ணி காய்ச்ச வேண்டாம். குழாயில வர்றதே கன்னத்தைப் பொசுக்கும். காலையில பொழுது விடியறதுக்குள்ள பக்கெட்டுல பிடிச்சு வச்சாத்தான் குளிக்கறது. குளிச்சுட்டுத் துண்டை உதறறதுக்குள்ள மறுபடி முதுகு ஊத்துது. குளிச்சது எதுக்குன்னு எனக்குக் கோவம் வரும். சட்டை போட்டா ஒட்டும். கழட்டினா உடம்பெல்லாம் வேர்க்குரு. ஃபேன் சுத்துது, சுத்துது, மேல இருக்கற சூட்டை வாரிக் கீழ கொட்டுது. ராத்திரி தரையில தண்ணி தெளிச்சு, அது மேல பாயைப் போட்டுப் படுக்கறாங்க அந்த ஊர்ல. ஆம்பளைங்க வெறும் உடம்போட தெருவுல கட்டிலைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. பேங்குல மேனேஜராம் தம்பி, வெறும் உடம்போட! நான் ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டு வாழ்ந்த மனுஷன்.

ஆனா அதெல்லாங்கூடப் பழகிடும். பழகாதது எதுன்னு சொல்றேன். கதவு.

குன்னூர்ல வெயில் இறங்கினாக் கதவைச் சாத்திடுவோம். ஜன்னலைச் சாத்தி, இடுக்குல பேப்பரை மடிச்சுச் சொருகி, கரி அடுப்பை ரூமுக்குள்ள கொண்டாந்து வச்சுக்குவோம். பனி எறங்கிட்டா பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாது. அவங்கவங்க வீடு, அவங்கவங்க குடும்பம். நம்ம பேச்சு நம்ம சுவத்துக்குள்ள. கரூர்ல எப்படீங்கறீங்க? காத்து வரணுமாம், வாசக்கதவு, கொல்லைக்கதவு, ஜன்னல் எல்லாம் பப்பரப்பான்னு தொறந்து கிடக்கும். கதவு அடிச்சுக்காம இருக்கக் கீழ கல்லை வேற முட்டுக் குடுத்து வச்சிருப்பாங்க. ஒருத்தன் வீட்டு வாசல்ல நின்னா அவன் கொல்லையில காயற துணி தெரியும். எவன் வீட்டுல குக்கர் விசில் அடிக்குது, எவன் இருமறான், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். இதுக்குப் பேர் வீடா தம்பி? சந்தைப்பேட்டை.

போன புதுசுல என் பொண்டாட்டி சுலோச்சனா ஒரு வேலை பண்ணினா பாருங்க. குன்னூர்ல இட்லி மாவு லேசுல புளிக்காது. அரைச்சு உப்புப் போட்டு, பாத்திரத்தைக் கம்பளியில சுத்தி அடுப்போரம் வச்சா, ரெண்டு நாள் கழிச்சுத்தான் அதுக்கு மனசு வந்து பொங்கும். அவ கைப்பழக்கத்துல கரூர்லயும் அதையே பண்ணிட்டா! மத்தியானமே அரைச்சு, உப்பைப் போட்டு, கம்பளியில சுத்தி, அடுப்போரம் வச்சுட்டா. காலையில பாத்தா சமையக்கட்டு பூரா மாவு. கம்பளியெல்லாம் மாவு. மிச்சத்தை எடுத்து அவிச்சுத் தட்டுல வைக்கறா. வாயில வச்சேன், பல் கூசிப் போச்சு.

கேக்க மாட்டேனா? கேட்டேன். "மூளை இருக்கா உனக்கு? இத்தனை வருஷமா இட்லி அவிக்கிறியே, ஒரு மாவைப் பாத்துக்கத் துப்பில்லையா?"ன்னேன். வேற ஒண்ணுமில்ல, இவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டேன். நான் கை நீட்டி அடிக்கறவன் இல்ல தம்பி, அதை முதல்லயே சொல்லிடறேன். தட்டை வீசியிருப்பேன், டம்ளரை வீசியிருப்பேன். அது ஆள் மேல படாது, சுவத்துலதான் படும். அன்னிக்கு என்ன ஆச்சுன்னா, மொசைக் தரை, தட்டு வழுக்கிக்கிட்டே போய் வாசப்படி தாண்டித் தெருவுல விழுந்து சுத்திச்சு. குன்னூரா இருந்தா கதவுல முட்டி நின்னிருக்கும்.

கொஞ்ச நேரத்துல எதிர்வீட்டு ரங்கநாயகி வருது. ஒரு கையில நம்ம தட்டு, கழுவித் துடைச்சது. இன்னொரு கையில ஒரு குண்டான் மாவு. நேரா உள்ள வந்துச்சு. கதவுதான் இல்லையே, தட்டறதுக்கு! "ஏனுங்க்கா, ஊருக்குப் புதுசுங்களா? இங்கெல்லாம் பொழுது சாஞ்சு அரைச்சாப் போதுமுங்க. கம்பளியெல்லாம் போத்தாதீங்க்கா, நாமளே வெந்துதான் கிடக்கறோம்"னுச்சு. சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என்னைப் பாத்து அடக்கிக்கிட்டா. அந்தம்மா அப்புறம் என் பக்கம் திரும்பி, "மலைக்காத்துல இருந்தவருங்க, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு. மோர் கொண்டாரேனுங்ண்ணா"ன்னுட்டுப் போச்சு.

நான் என் பொண்டாட்டிகிட்டப் பேசினதுக்கு எதிர்வீட்டுல இருந்து மாவு வருது தம்பி! இந்த அநியாயத்தை எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

சரி, மோரைக் குடிச்சேன். நல்ல மோர்தான். கறிவேப்பிலை எல்லாம் கிள்ளிப் போட்டிருந்துச்சு. அதோட விட்டுதா? அப்புறம் நான் எப்பக் குரல் குடுத்தாலும் எவளாவது ஒருத்தி எதையாவது தூக்கிக்கிட்டு வந்துடுவா. சட்டைக்கு இஸ்திரி சரியில்லன்னு கேட்டா நன்னாரி சர்பத். ஜன்னலைச் சாத்துடின்னா நுங்கு. சாவியை எங்க வச்சேன்னா வெந்தயம் ஊற வச்ச தண்ணி. கடைசி வீட்டுப் பெரியவர் ஒருத்தர், ஜவுளிக்கடை வச்சிருந்தவர், விளக்கெண்ணெய் பாட்டிலோட வந்துட்டார். "உச்சந்தலையில வச்சு அரக்கித் தேய்ங்க, கோவம் கீழ இறங்கிடும்"ங்கறார். தேய்ச்சேன். தெருவே சேந்து எனக்கு வைத்தியம் பாத்துச்சு. நானும் யோசிச்சுப் பாத்தேன். உண்மைதான், வெயில்தான் காரணம். குன்னூர்ல நான் இப்படியா இருந்தேன்? அங்க எனக்கு ஒரு நுங்கு தேவைப்பட்டதுண்டா?

பஸ்ஸை எடுத்துட்டான், அப்பாடா. கம்பியைப் பிடிச்சுக்கங்க, வளைவுல தூக்கிப் போடுவான்.

எங்க விட்டேன்? ஆ, சுலோச்சனா. அவ எப்படிப்பட்ட பொம்பளைன்னு உங்களுக்குத் தெரியணும். வாயே தொறக்க மாட்டா. நான் ஒண்ணு சொன்னா, சரி. ரெண்டு சொன்னா, அதுக்கும் சரி. ஃபேக்டரியில ஒவ்வொருத்தனும் பொண்டாட்டி எதிர்த்துப் பேசறான்னு பொலம்புவான். நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்வேன், "என் வீட்டுல ஒரே குரல்தான்"னு. என்கூட வேலை பாத்த பெள்ளி, நீலகிரிப் படகர், நல்ல மனுஷன், "குடுத்து வச்சவன் நீ"ம்பான். அப்படிப்பட்டவளை அந்த வெயில் கெடுத்துருச்சு.

கரூர்ல பொம்பளைங்க வாசல்ல உக்காந்து பிசிறு வெட்டுவாங்க. கம்பெனியில தைச்ச பெட்ஷீட்டு கட்டுக்கட்டா வரும். ஓரத்துல நீட்டிக்கிட்டிருக்கற நூலைக் கத்தரிக்கோலால நறுக்கணும், அவ்வளவுதான் வேலை. ரங்கநாயகி இவளையும் கூப்பிட்டுச்சு. இவளும் போய் உக்காந்துட்டா. என்னை ஒரு வார்த்தை கேக்கல தம்பி. வீட்டுக்குள்ள வேகுதாம், வாசல்ல வேப்பமரத்து நிழல் இருக்காம். காலையில வேலையை முடிச்சுட்டுப் போனா, நான் கூப்பிட்டாத்தான் வருவா. நான் உள்ள ஃபேனுக்கு அடியில கிடப்பேன். ஒரு நாள் வெளிய எவளோ வாய் விட்டுச் சிரிக்கறா. எதிர்வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கு போலன்னு நினைச்சேன். எட்டிப் பாத்தா சுலோச்சனா. அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும்னே எனக்குத் தெரியாது.

நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன். நான் அந்தளவுக்கு மோசமானவன் இல்ல.

அப்புறம் ஒரு நாள். சித்திரை வெயில். மத்தியானம் கரண்ட் போயிடுச்சு. ஃபேன் நின்னா அந்த ஊர்ல ஊசி விழுந்தாலும் கேக்கும். நான் தரையில கிடக்கறேன். வாசல்ல நாலஞ்சு கத்தரிக்கோல் சத்தம். கொஞ்சம் முன்னாடிதான் தண்ணிப் பானை விஷயமா இவளை ரெண்டு சத்தம் போட்டிருந்தேன். ரங்கநாயகி கேக்குது, "ஏனுங்க்கா, பாவம் அண்ணனுக்கு வெயில் சேரல. மலை மேல குளுகுளுன்னு இருந்தப்ப சாந்தமா இருந்திருப்பாரு, இல்லீங்க?"

நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். இப்பச் சொல்லுவா பாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். அங்க எனக்கு எவ்வளவு பேரு, எவ்வளவு மரியாதை, ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லைன்னு அவதானே சொல்லணும்? நான் போய் என்னைப் பத்திச் சொல்லிக்க முடியுமா?

இவ கத்தரிக்கோலை நிறுத்தல. நூலை நறுக்கிக்கிட்டே சொன்னா: "அங்க கதவு சாத்தியிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னா.

வெளிய எல்லாக் கத்தரிக்கோலும் நின்னு போச்சு. அப்புறம் ரங்கநாயகி, "தண்ணி குடிங்க்கா"ன்னு சொல்றது கேட்டுச்சு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல தம்பி, அந்த வார்த்தையில என்ன இருக்குன்னு. கதவு சாத்தித்தான் இருக்கும். குளிர்ற ஊர்ல சாத்தாம என்ன பண்ணுவாங்க? பொய்யா சொன்னா? உண்மையைத்தான் சொன்னா. ஆனா கேக்கறவளுங்க என்னவோ நான் கொலை பண்ணின மாதிரி ஆயிட்டாளுங்க.

அன்னியில இருந்து மோர் வரல. நுங்கு வரல. விளக்கெண்ணெய்ப் பெரியவர் தெருவுல என்னைப் பாத்தா வேற பக்கம் திரும்பிக்கறார். நான் சத்தம் போட்டா ஒண்ணும் வரல, ஆளுங்கதான் வந்தாங்க. அவங்கவங்க வீட்டு வாசலுக்கு வந்து நிக்கறாங்க. ஒருத்தி கையில கரண்டி, ஒருத்தி இடுப்புல குழந்தை. கேக்கறதில்ல, சொல்றதில்ல, நின்னு பாக்கறாங்க. நான் நிறுத்தறவரைக்கும் பாத்துட்டு உள்ள போறாங்க. நம்ம வீட்டுல நாம பேசறதை நாடகம் பாக்கற மாதிரி பாக்கறாங்க தம்பி! ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

ஒரு நாள் பொறுக்க முடியல. எதுக்குன்னு கேட்டா, சோத்துல கல். கல்லு கிடந்தாக் கேக்கக்கூடாதா? ஆரம்பிச்சேன். வாசல் வாசலா வந்து நின்னுட்டாளுங்க. சட்டுனு எந்திரிச்சுப் போய், முட்டுக் குடுத்திருந்த கல்லைக் காலால எத்திவிட்டுட்டு, கதவைப் பிடிச்சு இழுத்தேன். நாங்க குடி வந்ததுல இருந்து சாத்தாத கதவு, கீல் கத்துது. பாதி வந்துச்சு. அதுக்கு மேல வரல. பாத்தா இவ. நிலைப்படியில நின்னுக்கிட்டுக் கதவைப் பிடிச்சிருக்கா.

"சாத்தாதீங்க"ன்னா.

"நகருடி"ன்னேன்.

"தொறந்தே இருக்கட்டும். என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன். எல்லாரும் கேட்டுக்கட்டும்."

கத்தல தம்பி. அழல. என் முகத்தை நேராப் பாத்துச் சொன்னா. அவ கண்ணு பழுப்பு நிறம்னு அன்னிக்குத்தான் கவனிச்சேன். சொல்றதுக்கு என்கிட்ட எவ்வளவோ இருந்துச்சு. கல்லைப் பத்தி, குடும்பத்தைப் பத்தி, புருஷன்னா என்னங்கறதைப் பத்தி. ஆனா உள்ள போய்ப் பானையில தண்ணி மொண்டு குடிச்சுட்டுப் படுத்துட்டேன். அந்த வெயில் அப்படி.

சாயந்திரம் கோமதி வந்தா. பெத்த பொண்ணு, அம்மாவைப் பிடிச்சு நாலு கேள்வி கேப்பான்னு பாத்தா, அம்மா பக்கத்துல போய் ஒட்டி உக்காந்துக்கிட்டா. "அப்பா, சின்ன வயசுல நானும் அண்ணனும் கம்பளிக்குள்ள போய்க் காதைப் பொத்திக்கிட்டுக் கிடப்போமே, ஞாபகம் இருக்காப்பா?"ன்னு கேக்கறா. ஏன் இருக்காது? அந்தக் குளிர்ல எந்தக் குழந்தைதான் காதை மூடாது? நான் பேசறது என்ன, இவ குளிரைப் பத்திப் பேசறது என்ன. ஆத்தாளும் மகளும் ஒண்ணு சேந்துட்டா நியாயம் எடுபடாது.

முடிவு பண்ணிட்டேன். இந்த ஊர் நமக்கு ஒத்து வராது. பெள்ளிக்குப் போன் போட்டேன். அவன் வீட்டுக்குப் பின்னாலயே ரெண்டு ரூம் காலியா இருக்காம், ஓட்டு வீடு, கனமான பழைய கதவாம். "உடனே வா"ன்னுட்டான். சுலோச்சனாகிட்டச் சொன்னேன், கிளம்புன்னேன். இவ என்ன பண்றா, பரண்ல இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, என் ஸ்வெட்டர், என் மஃப்ளர், என் சாக்ஸ், எல்லாத்தையும் வெயில்ல உதறி மடிச்சு என் பையில வைக்கறா. அவளுதை எடுக்கல. மறந்துட்டாளோன்னு நினைச்சேன். ஞாபக மறதி உண்டு அவளுக்கு.

இன்னிக்குக் காலையில பையைத் தூக்கிட்டேன். "உன் சாமானை எடுத்துக்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னேன். வாசல்ல உக்காந்திருந்தா, மடியில பெட்ஷீட்டு. ரங்கநாயகி பக்கத்துல. எந்திரிக்கல. "நீ வரலையா?"ன்னேன். மெதுவாத்தான் கேட்டேன், சத்தியமா மெதுவாத்தான் கேட்டேன்.

"வர்றேன். அங்கயும் கதவைத் தொறந்து வைக்கிறதா இருந்தாச் சொல்லுங்க, வர்றேன்"னா.

கேட்டீங்களா தம்பி? குன்னூர்ல! பனியில! கதவைத் தொறந்து வைக்கணுமாம்! மார்கழியில தொட்டித் தண்ணி மேல ஐஸ் கட்டற ஊர்ல எந்தக் கிறுக்கியாவது கதவைத் தொறந்து வைப்பாளா? விறைச்சுச் சாகறதுக்கா? நான் அதையேதான் சொன்னேன், "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"ன்னு. அதுக்கு இவ கத்தரிக்கோலை எடுத்துட்டா. நான் பையோட கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். தெரு பூரா நின்னு பாத்துச்சு. போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல. வயசான காலத்துல ஒரு மனுஷனைத் தனியா பஸ் ஏத்தி விட்டுட்டு, இந்நேரம் அவ அந்த வேக்காட்டுல உக்காந்துக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருப்பா. நான் என்ன பண்ணிட்டேன் அவளுக்கு? சோறு போடலையா, துணி எடுத்துக் குடுக்கலையா? கோவம் வருது தம்பி. ராத்திரி பெள்ளி வீட்டுப் பின்னால அந்த ரூம்ல நான் யார்கிட்டப் பேசறது?

வருவா. குளிர் காலம் வரட்டும், வந்துடுவா.

உங்ககிட்டச் சொன்னது கொஞ்சம் ஆறுதலா இருக்கு. நல்ல மனுஷன் நீங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து நான் பேசிக்கிட்டே வர்றேன், குறுக்க ஒரு வார்த்தை பேசல. அவளும் இப்படித்தான் இருந்தா தம்பி, தங்கமா.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? இது பர்லியாறு, குன்னூருக்கு இன்னும் பாதி மலை ஏறணும். குன்னூருக்குத்தானே டிக்கெட் வாங்கினீங்க?